கார்டன் பார்க்ஸ்: கேமராவைத் தானே கற்றவரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் வாழ்க்கையை உள்ளிருந்து படமெடுத்தவர்களில் கார்டன் பார்க்ஸ் முக்கியமானவர். போட்டோகிராபி பழகும் நண்பர்களிடம் அவருடைய படங்களைக் காட்டும்போதெல்லாம் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். சில கேள்விகளுக்கு இரண்டு வரி போதும். எலா வாட்சன், ரெட் ஜாக்சன் பற்றிய கேள்விகளுக்கு அது போதாது.

யார் இந்த கார்டன் பார்க்ஸ்?

1912 நவம்பர் 30 அன்று கான்சாஸ் மாநிலத்தில் ஃபோர்ட் ஸ்காட் என்ற சிற்றூரில் பிறந்தவர். பதினைந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தொடக்கப் பள்ளி தனி. உயர்நிலைப் பள்ளியில் எல்லோரும் ஒன்றாகப் படித்தாலும் விளையாட்டிலும் விழாக்களிலும் இவர்களைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். கல்லூரிக்கு ஆசைப்பட்டு வீட்டுக் காசை வீணாக்க வேண்டாம், எப்படியும் வீட்டுவேலைக்கும் போர்ட்டர் வேலைக்கும்தான் போகப்போகிறீர்கள் என்று ஓர் ஆசிரியை சொன்னதைப் பார்க்ஸ் கடைசி வரை மறக்கவில்லை. பிற்காலத்தில் அவருக்கு 40-க்கும் மேற்பட்ட கௌரவ டாக்டர் பட்டங்கள் கிடைத்தன.

பதின்ம வயதில் அம்மா இறந்துபோக, மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் இருந்த அக்கா வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். கொஞ்ச நாளிலேயே அக்கா கணவர் வெளியே துரத்திவிட்டார். பனிக்காலம். போக்கிடம் இல்லாமல் டிராம் வண்டியில் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாகப் போய்வந்து இரவுகளைக் கழித்திருக்கிறார். பியானோ வாசித்தார், ஹோட்டலில் எச்சில் தட்டு எடுத்தார், ரயிலின் சாப்பாட்டுப் பெட்டியில் பரிமாறினார். 1942-இல் அரசாங்கத்தின் புகைப்படப் பிரிவு, 1948-இல் லைஃப் பத்திரிகை என்று பிறகு வாழ்க்கை மாறியது. லைஃபில் நிரந்தர வேலைக்குச் சேர்ந்த முதல் கறுப்பினப் புகைப்படக்காரர் அவர்தான். 2006 மார்ச் 7 அன்று நியூயார்க்கில் இறந்தார். வயது 93.

கேமரா மீது எப்படி ஆசை வந்தது?

ரயிலில் வந்தது. பயணிகள் படித்துவிட்டு விட்டுப்போன பத்திரிகைகளைப் புரட்டும்போது, பிழைப்புத் தேடி ஊர் ஊராக அலைந்த விவசாயக் கூலிகளின் படங்கள் கண்ணில் பட்டன. 1930களின் பஞ்ச காலத்தில் அமெரிக்க விவசாயப் பாதுகாப்புத் துறை, கிராமங்களுக்குப் புகைப்படக்காரர்களை அனுப்பி எடுக்கவைத்த படங்கள் அவை. அப்புறம் சிகாகோவில் ஒரு திரையரங்கில் செய்திப்படம் பார்த்தார். 1937 டிசம்பரில் சீனாவில் 'பனாய்' என்ற அமெரிக்கப் படகை ஜப்பானிய விமானங்கள் குண்டுபோட்டு மூழ்கடித்த காட்சி. படம் முடிந்ததும் அதை எடுத்த நார்மன் ஆலியே மேடைக்கு வந்து நின்றார். பார்க்ஸ் முடிவெடுத்துவிட்டார்.

சியாட்டில் நகரில் ஓர் அடகுக்கடையில் சில டாலருக்கு வாய்க்லாந்தர் பிரில்லியன்ட் கேமரா ஒன்றை வாங்கினார். அன்றைக்கே கடற்கரைக்குப் போய்க் கடற்பறவைகளைப் படமெடுக்கிறேன் என்று தண்ணீருக்குள் விழுந்தாராம். தீயணைப்புக்காரர்கள் வந்து அவரையும் கேமராவையும் சேர்த்துத் தூக்கியிருக்கிறார்கள். இதை அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

உண்மையிலேயே தானாகக் கற்றுக்கொண்டாரா? யாரும் சொல்லித்தரவில்லையா?

போட்டோகிராபி பள்ளி எதற்கும் போனதில்லை. ஆனால் தனியாளாக ஏறி வந்தார் என்று சொன்னால் அது பாதிக் கதைதான்.

செயின்ட் பாலில் பணக்காரப் பெண்கள் துணி வாங்கும் கடை ஒன்றில் நுழைந்து, உங்கள் உடைகளைப் படமெடுத்துத் தருகிறேன் என்று கேட்டார். முதலாளி மறுக்க, அவர் மனைவி சம்மதித்தார். ராத்திரி கழுவிப் பார்த்தால், ஒன்றைத் தவிர எல்லா ஃபிலிமிலும் படத்தின் மேல் படம் விழுந்திருந்தது. அந்த ஒரே நல்ல படத்தைப் பெரிதாக்கிக் கடை வாசலில் கொண்டுபோய் வைத்தார். கடைக்காரப் பெண்மணி மற்றவை எங்கே என்று கேட்டு, விஷயம் தெரிந்ததும் மறுபடி எடுக்கச் சொன்னார். குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸின் மனைவி மார்வா அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, சிகாகோவுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டார். அங்கே கறுப்பினக் கலைஞர்கள் கூடும் சவுத் சைடு கலை மையத்தில் அவருக்கு இருட்டறை கிடைத்தது. பிறகு ஜூலியஸ் ரோசன்வால்ட் நிதியின் உதவித்தொகையும் கிடைத்தது, மாதம் 200 டாலர். அதை வாங்கிய முதல் புகைப்படக்காரர் இவர்தான். அந்தப் பணத்தோடு வாஷிங்டனுக்குப் போய், ரயிலில் தான் பார்த்த படங்களை எடுக்கவைத்த அதே துறையில், புகைப்படப் பிரிவின் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார்.

ஃபிலிமை எப்படிக் கழுவுவது என்பதை அவர் தானாகக் கற்றார். எதை எடுப்பது, ஏன் எடுப்பது என்பதில் ஸ்ட்ரைக்கருக்கும் பங்கு உண்டு.

துடைப்பத்தோடு கொடி முன்னால் நிற்கும் பெண் யார்?

அவர் பெயர் எலா வாட்சன். 1942-இல் ஸ்ட்ரைக்கரின் அலுவலகம் இருந்த அதே கட்டடத்தில் இரவில் தரை துடைத்தவர்.

கதை அதற்குச் சற்று முன்பே தொடங்குகிறது. பார்க்ஸ் வேலைக்கு வந்ததும் ஸ்ட்ரைக்கர், கேமராவை அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போய் ஒரு கோட் வாங்கு, ஹோட்டலில் சாப்பிடு, சினிமா பார் என்று அனுப்பினார். துணிக்கடையில் யாரும் கவனிக்கவில்லை. ஹோட்டலில் பின்வாசலுக்கு வரச் சொன்னார்கள். தியேட்டரில் விடவே இல்லை. அமெரிக்கத் தலைநகரம் அப்போது அப்படித்தான் இருந்தது. கொதித்துப்போய்த் திரும்பி வந்தவரிடம், இதை எப்படிப் படமாக்கப்போகிறாய் என்று ஸ்ட்ரைக்கர் கேட்டார். உன்னைக் கேவலப்படுத்தியவனைப் படமெடுத்து அடியில் 'நிறவெறியன்' என்று எழுதினால் ஆகாது. அவனும் எல்லோரையும் போலத்தானே தெரிவான். பாதிக்கப்பட்டவரிடம் போய்ப் பேசு என்றார். எதிரே வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்தவர் எலா வாட்சன்.

பார்க்ஸ் முதலில் பேச மட்டும் செய்தார். எலாவின் அப்பாவை வெள்ளைக் கும்பல் அடித்துக் கொன்றிருந்தது. கணவர் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்திருந்தார். மகளும் இறந்துவிட, ஆண்டுக்கு 1,080 டாலர் சம்பளத்தில் பேரப்பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தார். சுவரில் தொங்கிய பெரிய அமெரிக்கக் கொடிக்கு முன்னால் அவரை நிறுத்தி, ஒரு பக்கம் துடைப்பம், மறுபக்கம் மாப் இருக்குமாறு பார்க்ஸ் எடுத்த படம்தான் நீங்கள் பார்த்தது. 1930-இல் கிராண்ட் வுட் வரைந்த 'அமெரிக்கன் காதிக்' ஓவியத்தில் வெள்ளை விவசாயி வைக்கோல் வாரும் முள்கரண்டியோடு நிற்பார் அல்லவா, அதே நிற்பு. படத்துக்குப் பிறகு அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

ஸ்ட்ரைக்கர் அதைப் பார்த்துவிட்டு, வேலையைப் பிடித்துக்கொண்டாய், ஆனால் இது வெளியே போனால் எல்லோருக்கும் வேலை போய்விடும் என்ற பொருளில் சொன்னதாகப் பார்க்ஸ் நினைவுகூர்ந்திருக்கிறார்.

எல்லோரும் தவறவிடுவது இதற்கு அடுத்த பகுதியை. கொடிப் படம் முதல் நாள்களில் எடுத்தது. அதோடு நிறுத்தாமல் தொடர்ந்து சில வாரங்கள் எலாவின் வீட்டுக்கும், அவர் போகும் கடைக்கும், தேவாலயத்துக்கும் பார்க்ஸ் போனார். எனக்கு அந்த வரிசையில் மிகவும் பிடித்தது வீட்டுக்குள் எடுத்த ஒன்று. இடது பக்கம் கதவு வழியாகச் சமையலறை தெரிகிறது, அதில் எலாவும் பேரப்பிள்ளைகளும். வலது பக்கம் கண்ணாடி மேசை. அதன் கண்ணாடியில் வளர்ப்பு மகளின் உருவம். மேசைமேல் சட்டமிட்ட பழைய குடும்பப் படம். இறந்தவர்கள், பாட்டி, வளர்ப்பு மகள், பேரப்பிள்ளைகள் என்று குடும்பத்தின் எல்லாத் தலைமுறையும் ஒரே படத்தில். கொடிப் படத்தில் எலா ஒரு நாட்டின் மீதான குற்றச்சாட்டாக நிற்கிறார். இந்தப் படத்தில் ஒரு வீட்டின் தலைவியாக இருக்கிறார். முதல் படம் மட்டும் இருந்திருந்தால் அவருடைய வறுமைதான் நமக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொன்று. இந்தப் படங்களின் அரசாங்கக் குறிப்புகள் பலவற்றில் 'திருமதி எலா வாட்சன்' என்று இருக்கிறது. அன்றைய அமெரிக்காவின் தென்மாநிலச் செய்தித்தாள்கள் பல, கறுப்பினப் பெண்களுக்குத் திருமதி போடாது. வெறும் பெயரைத்தான் போடும்.

ஆளை நிறுத்தி வைத்து எடுத்தால் அது ஆவணப் புகைப்படமாகுமா? 'செட்டப்' இல்லையா?

எடுத்தது நிறுத்தி வைத்துத்தான். பார்க்ஸ் அதை மறைத்ததும் இல்லை. நடக்கிறதை நடக்கிறபடி திருட்டுத்தனமாக எடுத்தால்தான் உண்மை என்ற எண்ணம் போட்டோகிராபியில் ரொம்பப் பேருக்கு இருக்கிறது. அப்படி எடுத்த படங்களில் ஏழைகள் பெரும்பாலும் குனிந்தபடியோ, அழுதபடியோ, தூங்கியபடியோ இருப்பார்கள். ஏனென்றால் கேமரா வருவது அவர்களுக்குத் தெரியாது. எலா வாட்சனுக்குத் தெரியும். தெரிந்துதான் நிற்கிறார். எனக்கு இதில் குறையொன்றும் தெரியவில்லை. நடக்காத ஒன்றை நடந்ததாகக் காட்டியிருந்தால் அது பொய். தரை துடைப்பவரிடம் துடைப்பத்தோடு நில்லுங்கள் என்று கேட்டது பொய்யாகாது.

ரெட் ஜாக்சன் கதையில் லைஃப் பத்திரிகை என்ன செய்தது?

1948-இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இளைஞர் கும்பல்களின் சண்டை உச்சத்தில் இருந்தது. அதைப் பற்றிச் செய்யலாம் என்று லைஃபிடம் கேட்டுக்கொண்டு போனார் பார்க்ஸ். 17 வயதான ரெட் ஜாக்சன் ஒரு கும்பலின் தலைவன். அவனோடு சில வாரங்கள் திரிந்தார். வீட்டுக்குள்ளும் போனார், சண்டைக்கும் போனார், கொல்லப்பட்ட நண்பனின் சவப்பெட்டிக்கு முன்னாலும் அவனோடு நின்றார். நூற்றுக்கணக்கில் படங்கள் எடுத்தார்.

1948 நவம்பர் 1 இதழில் 'ஹார்லெம் கும்பல் தலைவன்' என்ற தலைப்பில் வந்தவை 21 படங்கள். எவை வந்தன, எவை விடுபட்டன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ரெட் வீட்டில் அம்மாவுக்கு ஒத்தாசை செய்யும் படங்களை பார்க்ஸ் எடுத்திருந்தார். இதழில் இடம் பிடித்தவை அதிகமும் சண்டை, இருட்டு, பயம். சில படங்களை ஓரம் வெட்டி நெருக்கினார்கள். சிலவற்றை இருக்கிறதைவிட இருட்டாக அச்சிட்டார்கள். பாழடைந்த கட்டடத்தின் உடைந்த ஜன்னலோரம் நின்று எதிரிக் கும்பல் வெளியே காத்திருக்கிறதா என்று ரெட் எட்டிப் பார்க்கும் படம் மிகவும் பேசப்பட்டது. தனியாக அதைப் பார்த்தால் ஒரு ரவுடி. அம்மாவுக்கு ஒத்தாசை செய்யும் படத்தோடு சேர்த்துப் பார்த்தால், மாட்டிக்கொண்ட ஒரு பையன்.

ரெட் துப்பாக்கியோடு நிற்கும் படம் ஒன்றை அட்டையில் போட ஆசிரியர்கள் விரும்பியதாகவும், அதைத் தடுக்க அந்த நெகட்டிவையே தான் அழித்துவிட்டதாகவும் பார்க்ஸ் பின்னால் சொல்லியிருக்கிறார். 2013-இல் நியூ ஆர்லியன்ஸ் கலை அருங்காட்சியகம் இந்தக் கதையை மட்டும் எடுத்து ஒரு கண்காட்சி வைத்தது. நெகட்டிவில் இருந்ததையும் பத்திரிகையில் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியது. படம் எடுப்பவரின் நல்ல மனசு அச்சகம் வரைக்கும் போகுமா என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். ஒரு மனிதனை மனிதனாகக் காட்டும் வேலையில் பாதி, படங்களைத் தேர்ந்தெடுக்கும் மேசையில் நடக்கிறது. அந்த மேசை பார்க்ஸ் கையில் இல்லை.

கறுப்புத் தோலைச் சரியாகப் படமெடுப்பது அவ்வளவு கஷ்டமா?

கஷ்டமில்லை. ஆனால் கருவிகள் கறுப்புத் தோலை மனதில் வைத்துச் செய்யப்படவில்லை. லைட் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணிக்கொண்டுதான் கணக்குச் சொல்லும். வெள்ளைச் சுவருக்கு முன் கறுத்த முகம் நின்றால், சுவரின் வெளிச்சத்தை நம்பி முகத்தை இருட்டாக்கிவிடும். கலர் ஃபிலிம் பிரிண்ட் போடும் கடைகளில் தோல் நிறத்தைச் சரிபார்க்க ஒரு மாதிரி அட்டை வைத்திருப்பார்கள். 'ஷெர்லி கார்டு' என்று பெயர். பல பத்தாண்டுகள் அதில் இருந்தது ஒரு வெள்ளைப் பெண். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி.

நம்மூர் ஸ்டுடியோக்களில் கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையை இரண்டு சுற்று வெளுக்கவைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பார்க்ஸின் படங்களில் முகம் வெளுப்பதும் இல்லை, மையாகக் கலங்குவதும் இல்லை. கன்னத்து மேடு, நெற்றிச் சுருக்கம், வியர்வை மினுமினுப்பு எல்லாம் தெரியும். முகத்துக்கு அளவெடுத்து, பின்னணி என்ன ஆனாலும் ஆகட்டும் என்று விட்டால் இது வரும். சூட்சுமம் ஒன்றுமில்லை. யார் முகம் முக்கியம் என்று முடிவெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

1956 அலபாமா படங்கள் ஏன் கலரில் இருக்கின்றன?

அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டக் காலம் என்றாலே நமக்குக் கறுப்பு வெள்ளையில் போலீஸ் நாயும் தண்ணீர்ப் பீரங்கியும்தான் ஞாபகம் வரும். பேருந்தில் நிறப் பிரிவினையை எதிர்த்துக் கறுப்பின மக்கள் நடத்திய மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்தபோது லைஃபுக்காக அலபாமா போன பார்க்ஸ், மோபில் நகரத்தின் தோர்ன்டன் குடும்பத்தையும் அவர்களின் பிள்ளைகள் குடும்பங்களையும் கலரில் எடுத்தார். அடிதடி ஒன்றுகூட இல்லை. ஐஸ்கிரீம் கடையில் தனி ஜன்னல், தனித் தண்ணீர்க் குழாய், வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் குழந்தைகளின் விளையாட்டுத் திடலை எட்டிப் பார்க்கும் கறுப்பினக் குழந்தைகள். நிறப் பாகுபாடு ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும் என்பதை இவற்றில் பார்க்கலாம்.

இந்த வரிசையில் எல்லோரும் அறிந்த படம், கடை வாசலில் நிற்கும் இளம்பெண்ணும் சிறுமியும். வெளிர்நீல உடை, நேர்த்தியான தலைவாரல், சிறுமிக்கும் விசேஷத்துக்குப் போகும் அலங்காரம். தலைக்கு மேல் 'கறுப்பினத்தவர் வாசல்' என்று சிவப்பு நியான் எழுத்து. கூர்ந்து பார்த்தால் அந்தப் பெண்ணின் தோளில் உள்பாவாடைப் பட்டி சரிந்து தொங்குவது தெரியும். அதைச் சொல்லியிருந்தால் சரி செய்திருப்பேனே என்று அவர் பல ஆண்டுகளுக்குப் பிறகு வருந்தியிருக்கிறார். விமர்சகர்கள் அந்தப் பட்டியில் மனித இயல்பைக் காண்கிறார்கள். படத்தில் இருப்பவருக்கு அது சங்கடம். இரண்டு பேர் சொல்வதும் சரிதான், ஆனாலும் என் ஓட்டு அந்தப் பெண்மணிக்கு.

1956 செப்டம்பர் 24 இதழில் கட்டுரை வந்தது. எடுத்ததில் பெரும்பகுதி அச்சேறவில்லை. பார்க்ஸ் இறந்து சில ஆண்டுகள் கழித்து, அவர் பெயரிலான அறக்கட்டளையின் ஒரு பெட்டிக்குள் இந்தக் கலர் ஃபிலிம்கள் கிடைத்தன.

படமெடுக்கப்பட்டவர்களுக்கு அதனால் நன்மை கிடைத்ததா?

இந்தக் கேள்விக்கு இதமான பதில் கிடையாது.

அலபாமா கட்டுரையில் தோர்ன்டன்களின் மகள், ஒரு பள்ளி ஆசிரியை, நிறப் பிரிவினை ஒழிய வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசியிருந்தார். இதழ் ஊருக்குள் வந்ததும் அவருக்கு வேலை போனது. மரம் வெட்டிப் பிழைத்த அவர் கணவருக்கும் பிழைப்பு போனது. வெள்ளைக்காரர்களின் மிரட்டல் தாங்காமல் குடும்பம் ஊரைவிட்டே கிளம்பியது. வேறு இடத்தில் குடியேற லைஃப் 25,000 டாலர் கொடுத்தது.

1961-இல் பிரேசிலின் ரியோ நகரில் மலைச்சரிவுக் குடிசைப் பகுதி ஒன்றில் ஃப்ளாவியோ என்ற 12 வயதுப் பையனை எடுத்தார். ஆஸ்துமாவால் மூச்சுக்குத் திணறிக்கொண்டே தம்பி தங்கைகளுக்குச் சமைத்துப் போட்டு வளர்த்துக்கொண்டிருந்தவன். இதழ் வெளியானதும் வாசகர்கள் ஏறக்குறைய 30,000 டாலர் அனுப்பிவிட்டார்கள். பையனை அமெரிக்காவின் டென்வர் நகருக்குக் கூட்டிவந்து இரண்டு ஆண்டுகள் வைத்தியம் பார்த்தார்கள். குடும்பத்துக்கு வீடு வாங்கித் தந்தார்கள். உயிர் பிழைத்தான். ஆனால் 1963-இல் பிரேசிலுக்குத் திருப்பி அனுப்பியபோது அவனுக்குப் போக மனமில்லை. பெரியவனான பிறகும் அமெரிக்காவுக்குத் திரும்பும் ஏக்கம் அவனை விடவில்லை. இதற்கு நடுவே, எங்கள் நாட்டைக் கேவலப்படுத்திவிட்டார்கள் என்று கோபப்பட்ட பிரேசில் பத்திரிகை 'ஓ க்ரூசெய்ரோ' தன் புகைப்படக்காரரை நியூயார்க்குக்கு அனுப்பி, அங்கே குடிசைகளுக்குச் சமமான வீடுகளில் கிடந்த ஏழைகளை எடுத்து வெளியிட்டது. சரியான பதிலடிதான். யார் வறுமையை யார் காட்டுவது என்ற சண்டையில் நடுவில் நின்றவன் ஒரு சிறுவன்.

1967-இல் ஹார்லெமில் ஃபான்டனெல் குடும்பத்தோடு இருந்து எடுத்தார். முதலில் கேமரா இல்லாமல்தான் அந்த வீட்டுக்குப் போனார். எலும்பை உறைய வைக்கும் குளிர், வேலையில்லாத அப்பா, பசியில் சுவர்க் காரையைத் தின்னும் குழந்தை. 1968 மார்ச்சில் கட்டுரை வந்தபின், வந்த உதவியில் அவர்களுக்குக் குவீன்ஸ் பகுதியில் ஒரு வீடு கிடைத்தது. குடிபோன சில மாதங்களில் அந்த வீடு தீப்பிடித்து அப்பாவும் ஒரு மகனும் இறந்தார்கள். அந்தக் குடும்பத்தை எடுத்தது சரிதானா என்ற உறுத்தல் பார்க்ஸுக்குக் கடைசி வரை இருந்தது.

இதையெல்லாம் சொல்லாமல் 'ஏழைகளைக் கண்ணியமாகக் காட்டியவர்' என்று மட்டும் பாராட்டிவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. தன் படத்தில் இருந்தவர்களோடு அவர் உறவை அறுத்துக்கொள்ளவில்லை என்பது உண்மை. ஃப்ளாவியோவைப் பல ஆண்டுகள் கழித்து ரியோவுக்கே போய்ப் பார்த்தார். ஆனால் ஒரு படம் உலகத்துக்குள் போனபிறகு என்ன செய்யும் என்பது அவர் கையிலும் இல்லை.

வெள்ளையர் நடத்திய பத்திரிகைக்கு வேலை செய்ததை அவருடைய மக்களே குறை சொல்லவில்லையா?

சொன்னார்கள். கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸும் அவர் இருந்த இஸ்லாமிய அமைப்பும் முதலில் லைஃப் அனுப்பிய ஆளாகத்தான் பார்க்ஸைப் பார்த்தார்கள். 1963-இல் அந்த அமைப்பைப் பற்றிய கட்டுரை வருவதற்குள் மால்கமின் நம்பிக்கையைச் சம்பாதித்துவிட்டார். மால்கமின் மகள் ஒருவருக்கு ஞானத்தந்தையும் ஆனார். பாலத்தில் நிற்பவனை இரண்டு கரையும் சந்தேகப்படும். லட்சக்கணக்கான வெள்ளைக் குடும்பங்களின் வரவேற்பறை மேசைக்குப் போகும் வழி அன்றைக்கு லைஃப்தான். அவர் அந்தக் கணக்குப் போட்டுத்தான் அங்கே இருந்தார் என்று நினைக்கிறேன்.

ஃபேஷன் படங்களும் எடுத்தாராமே?

ஆமாம், வோக் பத்திரிகைக்கு. பாரிஸ் உடைகள், நட்சத்திரங்கள் எல்லாம் எடுத்தார். இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஒளியை முகத்தின் மேல் எப்படி விழவைப்பது என்று அங்கே கற்றதைத்தான் ஹார்லெமிலும் பயன்படுத்தினார்.

சினிமா?

'தி லேர்னிங் ட்ரீ' (1969), தன் சொந்த நாவலிலிருந்து. பெரிய ஹாலிவுட் நிறுவனம் ஒன்றுக்காகக் கறுப்பினத்தவர் இயக்கிய முதல் படம். ஃபோர்ட் ஸ்காட்டிலேயே எடுத்தார். 'ஷாஃப்ட்' (1971) வசூலைக் குவித்தது. அதுபற்றி எழுத ஆரம்பித்தால் தனிப் பக்கம் வேண்டும்.

என்ன கேமரா, என்ன லென்ஸ் பயன்படுத்தினார்?

வாஷிங்டனில் பெரிய ஃபிலிம் போடும் ஸ்பீடு கிராபிக். அலபாமாவில் சதுர ஃபிலிம். இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் புது லென்ஸ் வாங்க ஒரு காரணம் தேடுகிறார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் பார்க்ஸ் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள்.

நானும் என் ஊர் மக்களை இப்படி எடுக்க நினைக்கிறேன். எங்கே தொடங்குவது?

முதல் சந்திப்புக்குக் கேமராவை எடுத்துப்போகாதீர்கள். பார்க்ஸ் பல இடங்களில் அப்படித்தான் செய்தார். பெயரைக் கேட்டு முழுப் பெயராக எழுதிக்கொள்ளுங்கள். 'தூய்மைப் பணியாளர் ஒருவர்' என்று குறிப்புப் போடும் வழக்கம் நம் பத்திரிகைகளில் இன்னும் போகவில்லை. அமைச்சர் படத்துக்கு 'அமைச்சர் ஒருவர்' என்று போடுவார்களா? ஆனால் பெயர் போட்டால் அவர் வேலைக்கு ஆபத்து என்றால் அவரிடமே கேட்டுப் பெயரை விட்டுவிடுங்கள். அலபாமா ஆசிரியையின் கதை அதற்குத்தான். பிரிண்ட் ஒன்று போட்டுத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுங்கள். எந்தப் படத்தைப் போடப்போகிறீர்கள் என்று முன்னதாகவே காட்டுங்கள். சரிந்த தோள்பட்டி மாதிரி ஏதாவது இருந்தால் அவரே சொல்லிவிடுவார். படத்தை வேறொருவர் வெளியிடுவதாக இருந்தால், தலைப்பும் குறிப்பும் யார் எழுதுவார்கள், ஓரம் வெட்டுவார்களா என்று வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள்.

வேலையும் குடும்பமும் இருக்கிறது, வாரக்கணக்கில் எங்கே போவது என்று கேட்பவர்கள் உண்டு. அப்படியானால் பக்கத்துத் தெருவில் ஒரே ஒருவரை எடுங்கள். எலா வாட்சன் வேலை செய்தது பார்க்ஸின் அலுவலகக் கட்டடத்தில்தான்.

அவருடைய படங்களை எங்கே பார்ப்பது? பயன்படுத்த அனுமதி வேண்டுமா?

1942–43 அரசாங்க வேலையில் எடுத்தவை வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. அந்தத் துறையின் ஏறக்குறைய 1,75,000 கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களோடு அவையும் இணையத்தில் கிடைக்கின்றன. அரசாங்க வேலை என்பதால் காப்புரிமைத் தடை இல்லை. பெரிய அளவில் தரவிறக்கி, பள்ளியில் மாட்டலாம், வகுப்பில் காட்டலாம். லைஃப் காலத்துப் படங்களுக்கு அவர் பெயரிலான அறக்கட்டளையின் அனுமதி வேண்டும். அவர்கள் இணையதளத்தில் வரிசை வரிசையாகப் பார்க்கலாம். நூலகத் தளத்தில் ஆங்கிலத்தில் எலா வாட்சன் பெயரைப் போட்டுத் தேடும்போது கொடிப் படம்தான் முதலில் வந்து நிற்கும். அதைத் தாண்டிப் போய், வீடு, பேரப்பிள்ளைகள், தேவாலயம் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் அதற்கு வாருங்கள்.